முப்பத்தெட்டு கிராம்

நாலு ரோட்டிலிருந்து ஃபெலிக்ஸ் வந்தான்.
ஒரு சிடி, இரண்டு டீ, மூன்று மணி நேரம்.
வைரஸ் செத்தது,
கூடவே கம்ப்யூட்டரின் ஞாபகமும்.
"புதுசாயிடுச்சுக்கா" என்றான்
முந்நூற்றைம்பதை எண்ணிக்கொண்டே.

புதுசுதான்.
பச்சை மேடும் நீல வானமுமாய்
நான் யாரென்றே தெரியாமல் சிரிக்கிறது.

கையடக்கக் கருவியைத் தொட்டிலில் வைக்கிறேன்.
(தொட்டில் என்று பேர் வைத்தவன்
பிள்ளை தூங்காத வீட்டுக்காரனாய் இருக்கணும்.)
பொத்தானை அமுக்கினால்
இரண்டு ஸ்வரம் இறங்கி, மௌனம்.

இந்த உள்ளங்கை அகலத்துக்குள்
செவ்வாய்ப்பேட்டை வெள்ளி கொஞ்சம் இருக்கிறது:
சிவதாபுரம் மாரப்பன், சங்கிலிக்கு, நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
பள்ளப்பட்டி ஜெயக்கொடி, மணி பற்றவைக்க, இருநூற்று ஆறு.
கொண்டலாம்பட்டி அண்ணன் தம்பி, ஒரே கிலோ,
பேசிக்கொள்வதில்லை, அதனால் இரண்டு கணக்கு.
எதற்கும் ரசீது கிடையாது.
குச்சியால் நான் இழுத்த கோடுகள்தான்:
கூரை மாதிரி இழுத்தால் ஏ,
மற்றதெல்லாம் பழக்கம்.

பாட்டரியில் ஒரு கோடு மிச்சம்.
அது போனால்
ஊரில் யாருக்கும் நான் எதுவும் கொடுக்கவில்லை.

'வாசலை வேறொருவர் பிடித்திருக்கிறார்'
என்கிற மாதிரி ஒரு பெட்டி வருகிறது.
வேறு யார், மோடம்.
ஆறு மாதமாய் ஒயரே செருகாத மோடம்,
ஓமலூர் பஸ்ஸில் துண்டு போட்ட ஆளாய்
சீட்டை விடாமல் உட்கார்ந்திருக்கிறது.
எழுப்பி வேறு இடம் காட்டினேன்.
வேகத்தைக் குறைத்தேன்.

அடுத்து, பேர் கேட்டது.
கனகமணி என்று அடித்தேன்.
முன்பு கடைசியில் ஒய் போட்டிருக்கிறேன், இப்போது ஐ.
அது என்னை இரண்டு பேராக்கி
இதில் எந்தக் கனகமணி என்றது.
நல்ல கேள்வி. ஒய் என்றேன்.

டி டிரைவில் ஆடிக் கடைசியில் எடுத்த நகல்.
அதைக் கொண்டுவந்து போட்டேன்.
இப்போது எது எதன் மேல் எழுதட்டும்?
கம்ப்யூட்டர் கருவியின் மேலா,
கருவி கம்ப்யூட்டரின் மேலா,
இரண்டையும் கலக்கட்டுமா?

கலக்கு என்ற நேரம் பார்த்து கரண்ட் போனது.
யூபிஎஸ் கோழிக்குஞ்சாய்க் கத்த,
ஜன்னலில் ஊரே இல்லை.
சேர்வராயன் மலைமேல் மட்டும் ஒரு லாரி
கொண்டை ஊசி திரும்பி, மறைந்து, மறுபடி திரும்பியது.
மாரப்பன் போகிறான், ஜெயக்கொடி போகிறாள்,
அண்ணனும் தம்பியும் வேறுவழியின்றி ஒன்றாய்ப் போகிறார்கள்.
ஏறுகிற ஸ்வரம்.

மெழுகுவர்த்தியில் சரிபார்த்தேன்.
சிலர் இரண்டிரண்டாய் முளைத்திருந்தார்கள்,
ஒவ்வொருவராய்க் கிள்ளினேன்.
அப்புறம் இது:
களரம்பட்டி பரிமளம். குறைவு, முப்பத்தெட்டு கிராம்.

இதை ஆவணியிலேயே அழித்துவிட்டேனே.

பெருக்கு கழிந்த வாரம்
தராசு முள் அந்தப் பக்கம் சாய்ந்தது.
அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
மூக்குத்தி இருந்த துளையில்
ஒரு வேப்பங்குச்சி இருந்தது.
தன்னுடையதை முதலில் விற்றுவிட்டுத்தான்
என்னுடையதைத் தொட்டிருக்கிறாள்.
மன்னித்தேன் என்று சொல்லமாட்டேன்.
அவளைப் போல் அரும்பு வைக்கிற கை
இந்தப் பேட்டையில் இன்னொன்று இல்லை.
அன்றைக்கு அழித்தது அதற்காக.

அன்று ஒரு நொடி.
இன்று குச்சி நுனி கண்ணாடிமேல் நின்றுகொண்டே இருக்கிறது.
தீபாவளிச் சரக்குக்கு நாளைக் காலை வருவாள்,
முக்கால் கிலோ கேட்பாள்.

அழி.
'கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்துக்கொள்ளட்டுமா?'
கட்டத்தில் டிக் முன்னாடியே விழுந்திருக்கிறது,
எப்போதும் போல.
போன தடவை நான் கவனிக்காத டிக்.
எடுத்தேன்.

மறுபடி தொட்டில், மறுபடி பொத்தான்.
இப்போது அதற்கும் தெரியாது,
இதற்கும் தெரியாது.
பாட்டரி வாங்க எழுந்தேன்,
கடை திறந்திருந்தால்.