ஒரு ரியால், இருபத்தெட்டு கிராம்

நான்கு வெள்ளிக்கிழமை ஓவர்டைமுக்குப் பதிலாக
நீலப் பெட்டியொன்றைத் தந்தார் முதலாளி.
"வச்சிரு. விலை ஏறும்."
ரூவி கிளையின் வரிசையில்
விடியலில் அவருக்காக நின்று,
அடையாள அட்டைக்கு மூன்று வீதம்
நான் வாங்கிக் கொடுத்ததில் ஒன்று.

வட்ட வெள்ளி. கண்ணாடிபோல் தரை.
நடுவில், மேடாக,
ஒரு கொண்டை ஊசி.
கொண்டை ஊசியல்ல, லாரின் என்றது உள்ளே இருந்த சீட்டு:
வெள்ளிக் கம்பியை இரண்டாய் மடித்து
மேலே எழுத்தடித்து
ஹோர்முஸ் தொட்டு இந்தக் கரையெல்லாம் புழங்கிய காசு.
இலங்கையில் தூண்டிலாய் வளைத்தார்களாம்.
கம்பியாய்த் திரிந்ததை
வட்டத்துக்குள் படுக்கவைத்து
கௌரவித்திருக்கிறார்கள்.
ஓரத்தில்: ஒரு ரியால்.

ஒரு ரியால்தானே என்று
குஞ்ஞுமோன் கடையில் நீட்டினேன்.
ஒரு கரக், ரெண்டு பரோட்டா, மீதி கொடு.
மூடியோடு புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.
"இது போட்டோ அல்லே சேட்டா,
காசு எவிடே?"
பற்று நோட்டில் எழுதிக்கொண்டான்.

பணம் அனுப்பும் கடையில்
கண்ணாடிக்குப் பின்னிருந்த பெண் தொடக்கூட இல்லை.
முத்திரை இருக்கிறது, பெரிய கையெழுத்தோடு
சான்றிதழ் இருக்கிறது,
செல்லாக்காசு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.
செல்லும்.
யாரும் வாங்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

மத்ரா சூக்கில், மூன்றாவது சந்தில்,
ஹஸ்முக் பாய் சான்றிதழைப் படிக்கவில்லை.
நகத்தால் மூடியைத் தெறித்து
வெறுங்கையில் எடுத்தார்.
விரல் பட்டால் பாதி விலை என்றிருந்தார் முதலாளி.
பட்டது.
விளிம்பில் அரத்தால் ஒரு இழுப்பு,
உரைகல்லில் ஒரு கோடு, ஒரு சொட்டு அமிலம்.
தராசு.
இருபத்தெட்டு புள்ளி இரண்டு.

பிறகு, நான் கேட்காமலே,
இழுப்பறையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துப்
பக்கத்தில் போட்டார்.
கறுத்து, மடங்கி, எழுத்தில் பாதி தேய்ந்து
அசல்.
முனையில் ஒரு உளி வெட்டு:
உள்ளே செம்போ என்று
என்றோ எவனோ
நம்பாமல் பார்த்தது.
படத்தில் அந்த வெட்டு இல்லை,
வரைந்தவர் ஆற்றிவிட்டிருக்கிறார்.

"இது என்ன விலை பாய்?"
"விற்கிறதில்ல. சின்ன எடைக்கல் தொலைஞ்சு போச்சு."

பதின்மூன்று என்றார். பதினாலு என்றேன்.
தானே ராவிய இடத்தைக் காட்டி
கீறல் விழுந்த சாமான் என்று சிரித்து
பதின்மூன்றரை எண்ணினார்.
நான்கு வெள்ளிக்கிழமை.
வகுத்துப் பார்க்கவில்லை.

குஞ்ஞுமோன் பற்றை முடித்தேன்.
பெட்டி கட்டிலடியில் இருக்கிறது.
வெல்வெட் குழியில்
பழைய சிம் கார்டுகள்.
சான்றிதழ் மட்டும் பர்ஸில்,
வரிசை எண் நானூற்றுப் பதினேழு.
இத்துடன் உள்ள நாணயம்
அசல் என்று
இன்னும் உறுதி கூறிக்கொண்டிருக்கிறது.