அறுநூறு மீட்டர், மேகாத்து

எனக்கு விலை தெரியாது.
மணிமுத்தாற்று ரேஞ்சில், குறிப்பலகைக்குக் கீழே
ஆறடிக் குழியில் உட்கார்ந்திருக்கிறேன்.
ஒரு டப்பா மைதாப் பசை,
கிழித்த காகிதத் துண்டுகள்,
வாக்கிடாக்கி,
மகளிடம் கேட்டு வாங்கிவந்த அடிக்கோல்.

மூன்று துப்பாக்கி வந்திருக்கிறதாம். மூன்று விலையாம்.
எது எப்போது சுடுகிறது என்று
குழிக்குச் சொல்லக் கூடாதாம்.
சென்னையிலிருந்து வந்த கமிட்டி
காலையிலேயே கறாராய்ச் சொல்லிவிட்டது.

தலைக்கு மேல் ஒரு சொடக்கு.
பலகையில் ஓட்டை.
அப்புறம்தான், அவசரமே இல்லாமல்,
துப்பாக்கிச் சத்தம் வரும்,
கடைசி பஸ்ஸில் வந்திறங்கும் சம்பந்தி மாதிரி.
அதற்கும் பின்னால், மலை.

முதல் ஐந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கின.
இருபத்தேழு சென்டிமீட்டர்.
ஒன்று மட்டும் விளிம்பில்,
பந்தியில் இடம் கிடைக்காதவன்போல்.
ஒட்டினேன்.

அடுத்த ஐந்தை உள்ளங்கையால் மூடலாம்.
ஒட்டினேன்.

அதற்கடுத்தது சுட்டபோது
மூன்றாவது குண்டு பலகையில் பட்டதா என்றே சந்தேகம்.
கிட்டப் போய்ப் பார்த்தால்
ஓட்டைக்குள் ஓட்டை.
ஒரு எலுமிச்சம்பழம் வைத்தால் ஐந்தும் மறைந்துவிடும்.
ஏழு என்று சொன்னேன்.
ரேடியோவின் அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள்.
காசுள்ள மூச்சு.

பதினொன்றரைக்கு ஒரு மயில்
நடுவெளியில் வந்து நின்றது.
சிவப்புக் கொடி ஏறியது.
மூன்று விலையும் சாக்கின்மேல்
வெயில் காய்ந்துகொண்டிருக்க,
மயில் எதையோ கொத்தியது, யோசித்தது,
வேறு பக்கம் திரும்பி மறுபடி கொத்தியது.
பதினான்கு நிமிடம்.
கமிட்டிக்கு இளநீர் வெட்டினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேகாத்து இறங்கியது.
குழிக்குள்ளேயே காகிதத் துண்டுகள் பறந்தன,
பசை டப்பாவில் மண்.
பலகை ஏற்றினேன்.
ஐந்து குண்டும் கிழக்கே ஓடியிருந்தன,
ஒன்று பக்கத்துப் பலகையில்.
அரை மீட்டர் என்றேன். பதில் இல்லை.
திரும்ப அள என்றார்கள். திரும்பவும் அரை மீட்டர்.

பிறகு வேறொன்று.
அதே காற்று, இன்னும் கூடுதல்.
நடுவில், ஒரு தட்டு.

சாயங்காலம் ஜீப்பில் முப்பிடாதிதான் சொன்னார்.
ஆயுதக் கிடங்குச் சாவி அவர் இடுப்பில்.
“கெழக்க ஓடுனது பதிமூணு லட்சம்லே.
கமிட்டி ஐயா தானே படுத்துச் சுட்டுப் பாத்தாரு.
தட்டுக்குள்ள நின்னது ஒண்ணேமுக்கா.
அதுவும் துப்பாக்கிக்கு மட்டும்.
மேல மாட்டுன கண்ணாடி மூணு.”
நாலரை லட்சத்தைப் பற்றி
யாருமே பேசவில்லை.
உள்ளங்கை அளவுக்கு ஒழுங்காய்ச் சுட்டுவிட்டு
பெட்டிக்குள் படுத்திருந்தது.

சின்னதைச் சுட்டது ஏட்டு பனிமயம்.
உவரிக்காரி,
கடற்கரைப் பிள்ளைக்குக் காற்று அத்துப்படி என்று
கமிட்டி மெச்சியதாம்.
“எங்கப்பா ரேஷன் கடையில எடை போட்டாரு சார்” என்றாளாம்.

நான் சிரித்தேன்.
அப்ப விலையில ஒண்ணுமில்ல, கையிலதான், என்றேன்.
யாருக்கும் பிடிக்கும் பேச்சு அது.
அவள் சிரிக்கவில்லை.
விசையில் இருந்த விரலை
இன்னும் நீவிக்கொண்டிருந்தாள்.
“பழைய கதவு மாதிரி இழுக்கு அது.
எனக்குப் பெருசுதான் வேணும்ணே.
காலையில விளிம்புல ஒண்ணு போச்சுல்லா,
அத நான் நடுவுலதான் வச்சேன்.
பலகையா இருந்ததால சரி.
பக்கத்துல ஒரு ஆள் நின்னா?”

கல்லிடைக்குறிச்சி விளக்குகள் வந்தன.
முப்பிடாதி ஜன்னலை ஏற்றினார்.
டெண்டரில் குறைந்த விலைக்கே கையெழுத்து,
அது விதி, அது எல்லோருக்கும் தெரியும்.

விரலில் காய்ந்த மைதாவை உரித்துக்கொண்டே வந்தேன்.
கமிட்டி சுருட்டிக் கொண்டுபோன தாளில்
அந்த ஒன்று இனித் தெரியாது.
மேலே, இடது ஓரம்.
ஒட்டியது நான்.