நாலே கால் மணி நேரம்

ஆகாயத்துக்கு நாலே கால் மணி நேரம் என்று
டிக்கெட்டில் போட்டிருக்கிறது.
திருவனந்தபுரத்திலிருந்து ஏர்வாடிக்கு எவ்வளவு என்று
எந்தச் சீட்டிலும் இல்லை.
நூற்றுப் பத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
மிச்சத்தை மார்த்தாண்டம் பாலம்தான் சொல்ல வேண்டும்.

பத்தே முக்காலுக்கு அது மேலேறியது.
சங்குமுகம் மணலில் நின்று பார்த்தோம்:
நான், மசூதின் வீட்டுக்காரி நாதிரா,
அவள் தோளில் உறங்கிப்போன சிறுசு.
விளக்கு பொட்டாகி, பொட்டும் போனபின்
"சரி அண்ணாச்சி, வண்டிய எடுங்க" என்றாள்,
கூடவே கிளம்பினால்தான்
கணக்கு நேராகும் என்பதுபோல.

பதினோரு வருஷமாய் ஏர்போர்ட் சவாரி.
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
தரை வழுக்குமா என்றுகூட எனக்குத் தெரியாது.

நெய்யாற்றின்கரையில் கேட்டாள்:
"இப்ப எங்கன போயிருக்கும்?"
"கடல்தான்."
களியக்காவிளையில் கேட்டாள்.
"கடல்தான்."
மார்த்தாண்டத்தில் பாறைப்பொடி லாரிகள்
பாலத்தின்மேல் வரிசையாய் உறங்கின.
நாற்பது நிமிஷம். என்ஜினை அணைத்தேன்.
செல்போனில் பெருக்கிப் பார்த்து அவளே சொன்னாள்:
"ஐநூத்தி அறுவது கிலோமீட்டர் போயிருப்பாக."
நாங்கள் ஒரு புரோட்டாக் கடையைத் தாண்டியிருந்தோம்.

தக்கலைக்கு அப்புறம்
நான் பொய் சொல்லத் தொடங்கினேன்.
இப்ப சாப்பாடு குடுத்திருப்பான்.
இப்ப லைட்ட அணைச்சிருப்பான்.
சீட்டு எங்க, ஜன்னலா?
"நடுவுல."
"நடு சீட்டுன்னா ஆட்டமே தெரியாது" என்றேன்,
வள்ளியூர் பஸ்ஸை மனசில் வைத்து.

காவல்கிணறு விலக்கில் டீ. அவளுக்கு வேண்டாம்.
பணகுடி வரும்போது சிறுசு எழுந்துகொண்டது.
இருட்டுக்குள் காற்றாலை தெரியவில்லை,
உச்சிச் சிவப்பு விளக்குகள் மட்டும்
அணைந்து எரிந்து, அணைந்து எரிந்து.
"உம்மா, வாப்பா பிளேனு!
எம்புட்டு பிளேனு!
ஒண்ணுமே போவல!"

நாதிரா திருத்தவில்லை.
நான் நாற்பதுக்குக் குறைத்தேன்.
பின்னால் வந்த ஆம்னி பஸ்
ஹாரனால் திட்டிவிட்டுக் கடந்து போனது.

வாசலில் இறங்கிச் சாவியைத் தேடும்போது
பைக்குள் போன் மினுங்கியது.
எறங்கிட்டேன்.
அங்கே மணி ஒன்றரையாம். இங்கே மூன்று.
ஒரே ராத்திரியில்
ஒன்றரை மணி நேரம் எங்கே விழுந்ததென்று
கேட்க நினைத்தேன்.
அவள் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்:
நாங்களும்.

வெயிட்டிங் கேட்க வாய் வரவில்லை.
கேட்டேன்.
இருநூறு கொடுத்தாள், எண்ணாமல்.

காலை ஆறுக்கு நாங்குநேரியில் ஆள் நிற்கும்.
தம்மாம் போகிறவர்.
அது இன்னும் தூரம், அஞ்சு மணி நேரமாம்.
எனக்கு மறுபடி
அதே பாலம்தான்.