பின் இருக்கை: புதிது போல

பதினேழே முக்கால் அடி.
நாடாவை இரண்டு முறை பிடித்துப் பார்த்தேன்.
ஆர்வோ நிஸ்கனெனின் கார்க்கொட்டகை பதினேழடிதான்.
மிச்சமுள்ள முக்கால் அடிக்காகப்
பின்சுவரை இடித்து
வெளிப்புறம் ஒரு மரப்பெட்டி அடித்திருக்கிறார்.
பனிக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது,
நாய் வராத நாய்வீடு.

"அதையும் கணக்கில் சேருங்கள்" என்றாள் மார்லிஸ்.
"அது வீட்டோடு சேர்ந்தது" என்றார் அவர்.
வீடு அவளுக்கு.
கார் அவருக்கு,
நான் எழுதப்போகும் தொகையில் பாதியை
அவளுக்கு எண்ணி வைத்தால்.
துலூத் நகரில் விவாகரத்துக் கார்களுக்கு
விலை சொல்வது என் பிழைப்பு.
மார்ச் கடைசியில் எப்போதும் கொஞ்சம் கூடுதல் வேலை.

உடையவரே பொருளைப் பழிப்பதைக்
கேட்டுப் பழகியவன்தான் நான். இருந்தாலும்
இவர் ஒரு பட்டியலே வைத்திருந்தார்:
யானையைக் கட்டித் தீனி போடுகிற பெட்ரோல் செலவு,
சாலை உப்பு அரித்துத் தின்ற அடிவயிறு,
ராத்திரியில் காற்றை விட்டுவிட்டு
விடியும்போது இடப்பக்கம் ஒட்டகமாய்ப் படுத்துக்கிடக்கும் சஸ்பென்ஷன்,
"ஊருக்குள் திருப்பவே ஒரு வயல் வேண்டும்."

அவள் புகழ்ந்தாள்.
வால்நட் மரப்பலகை. ஆளுக்கொரு தட்பவெப்பம்.
நெடுஞ்சாலையில் ஏறினால் படகு.
பாதியில்தான் எனக்குப் புரிந்தது:
பன்னிரண்டு வருஷத்துக்கு முன்
இதை வாங்கியே தீரவேண்டும் என்று
அவர் சொன்ன காரணங்களை
அவள் ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறாள்.
வேண்டவே வேண்டாம் என்று அன்று அவள் சொன்னதை
இன்று அவர் சொல்கிறார்.
இரண்டு பேருக்கும் நல்ல ஞாபகம்.

ஓட்டிப் பார்க்க வேண்டுமே.
சக்கரத்தில் நான். பக்கத்தில் அவர்,
தன் புகார்ச் சத்தங்களைக் காட்டிக்கொடுப்பதற்காக.
வேறு இடம் இல்லாததால் அவள் பின்னால்.
ஒரு சத்தமும் வரவில்லை.
குண்டு குழிகளெல்லாம்
யாருக்கோ நடப்பதுபோலக் கடந்தன.
"நேற்றுக்கூட வந்தது" என்றார்.

தூக்குப் பாலம் மேலே போயிருந்தது.
இந்த வருஷத்தின் முதல் கப்பல்,
தாதுமண் ஏற்ற வருகிறது, அவசரமில்லாமல்.
என்ஜின் ஓடுவதை முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
அவ்வளவு நிசப்தத்தை
யாரோ பொறியாளர்கள் வருஷக்கணக்காய் உழைத்து
அந்தக் கதவுகளுக்குள் அடைத்திருக்கிறார்கள்.
அதில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்.
மார்லிஸ் கையுறை கழற்றுவது கேட்டது.

"இங்கே இவ்வளவு இடமா" என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன்.
கால் நீட்டியிருந்தாள்.
கதவுப் பொத்தான்கள்மேல்
கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது.
ஒரு முனையை நகத்தால் நிமிண்டி
மெதுவாக உரித்தாள்.
நீளமான சத்தம்.
ஆர்வோ திரும்பவில்லை.
"பின்னாலும் சூடாகுமா அது?"
கொஞ்ச நேரம் கழித்து,
"ஆகுது."

கப்பலின் பின்பகுதி வந்துசேர இன்னும் நேரம் இருந்தது.

திரும்பி வந்து, பானட்டின் மேல் படிவத்தை வைத்து எழுதினேன்.
அடிப்பாகம்: துரு, நடுத்தரம்.
சஸ்பென்ஷன்: இன்று குறையில்லை.
பின் இருக்கை: புதிது போல.
யாரும் உட்காராததற்கு
எங்கள் அட்டவணையில் அறுநூறு டாலர் கூடும்.
பாதி, முந்நூறு.
அந்த வரியில் அவர் விரல் நின்றது.
சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.
பேனா கேட்டார்.

காரை உள்ளே விட அவர்தான் ஏறினார்.
நான் என் காருக்கு நடந்தேன்;
அதில் ஹீட்டர் ஒரு காலுக்குத்தான்.
கண்ணாடிப் பனியைச் சுரண்டும்போது பார்த்தேன்,
கொட்டகை மூலையில், மரப்பெட்டியருகே மார்லிஸ்,
யாரும் கூப்பிடாமலே,
ஒரு கையில் சுருட்டிய பிளாஸ்டிக்,
மறுகையை உயர்த்தி
விரல்களை மடக்கி மடக்கி
வா, வா,
இன்னும் கொஞ்சம்,
நில்.