ஏழாம் விசை

மல்லாவி, கைப்பேசி திருத்தும் கடையின் பின்னறை.
எடை: மூன்று கிலோ இருநூறு, பற்றறி இல்லாமல்.
நிறம்: முன்பு வெள்ளை என்று ஊகம்.
மூடியின் இடப்பக்கக் கீல் உடைந்து
யாரோ வலை நூலால் கட்டியிருக்கிறார்கள்.
நூலை அவிழ்க்கவில்லை. அதையும் படம் எடுத்தேன்.

உமி நிரப்பிய பரலுக்குள், யூரியாப் பை சுற்றி,
வீரை மரத்தடியில் பதினாறு வருடம்.
குழாய் தாழ்க்க வெட்டியவன்
வேறெதுவோ என்று பயந்து
மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினானாம்.
பிறகு அவனே கொண்டுவந்தான்:
"இதுக்கு என்ன தருவீர்?"

திறந்ததும்
கசிந்த மின்தேக்கிகளில் மீன் மணம்,
புளித்த திரைத்தாளில் வினாகிரி மணம்.
கடைக்கார ரட்ணதீபன் சாப்பாட்டுப் பார்சலோடு
வாசலுக்குப் போய்விட்டான்.
மணிக்கூட்டுப் பற்றறி பச்சையாய்ப் பூத்து
இரண்டு செப்புத் தடங்களைத் தின்றிருந்தது.
மயிரளவு கம்பியால் பாலம் போட்டேன்.
மாற்றிய மின்தேக்கிகள் ஒன்பதும்
பெயர் ஒட்டிய போத்தலில் இருக்கின்றன.

நான்காம் நாள், சாம்பல் திரையில் ஒரு கேள்வி:
இன்றைய திகதி?
தொண்ணூற்றெட்டு என்று பொய் சொன்னேன்.
உடனே நம்பியது.

பிளொப்பி ஒன்று. ஆயிரத்து நானூற்று நாற்பது துண்டங்கள்.
பதினொன்று வாசிக்க மறுத்தன.
துடைத்து, சுழற்றி, மறுபடி, மறுபடி.
எட்டு வந்தது. மூன்று வரவில்லை.
வராததை வராதது என்றே எழுதிவைத்தேன்.

உள்ளே சங்கக் கடையின் நிவாரணப் பதிவேடு.
எழுதியவர் முதல் வரியில் ம.பு. என்று மட்டும் இட்டிருக்கிறார்.
தமிழெழுத்துகளையும் அவரே கீறியிருக்கிறார்,
எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில்.
'ணை' அடங்காமல் பக்கத்துக் கட்டத்துக்குள் கால் நீட்டுகிறது.
'மண்ணெண்ணெய்' அரை வரியைப் பிடிக்கிறது,
அப்போதைய விலைக்கு அது நியாயம்தான்.
கரண்ட் இல்லாத ஊரில் இது எப்படி ஓடியது?
நிரலுக்குள் ஒரு குறிப்பு:
சைக்கிள் மிதிப்பவர் இறங்கமுன் சேமிக்கவும்.

ஐந்தாம் விசை, குடும்பம் சேர்க்க.
ஆறாம் விசை, முகவரி மாற்ற.
ஒரு குடும்பத்துக்கு ஒன்பது முகவரிக்கு இடம் விட்டிருக்கிறார்,
பலருக்கு ஒன்பதும் நிரம்பியிருக்கிறது.
ஏழாம் விசை, ஆள் குறைக்க.
அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை.
நிரலில் அந்த இடத்தில் இரண்டே சொல்: இது பிறகு.
ஆவணத்தில் எழுதினேன்:
அறிந்த பழுது, ஒன்று. ஏழாம் விசை முடிக்கப்படவில்லை.

வெள்ளிக்கிழமை, வெடித்த கைப்பேசியோடு வந்தவர்
மேசைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து நின்றார்.
பெயர் சொன்னார். இங்கே எழுதமாட்டேன்.
"எங்கட அட்டை அறுநூற்றிப் பதினேழு."
நான் கேட்கவில்லை. தேடினேன். இருந்தது.
ஆட்கள்: ஆறு.
"அஞ்சு" என்றார்.
"ஆனியிலயே அஞ்சாப் போச்சு. நான் போய்ச் சொன்னனான்.
புஷ்பகாந்தன் உந்தப் பெட்டிக்கு முன்னால இருந்தவர்.
மெசின் குறைக்குதில்லை அக்கா, நான் என்ன செய்ய எண்டார்.
கிழமைக்கு ஒரு ஆளின்ர மா கூடத்தான் வந்தது."
மிச்சக் காசை எண்ணி வாங்கினார்.
"அவனுக்கு ரொட்டி பிடிக்காது."

பின்னேரம் முழுக்க நிரலைத் திரும்ப வாசித்தேன்.
சேர்க்கும் பகுதி நாற்பது வரி, ஒரு பிசகில்லை.
குறைக்க நான்கு வரி போதும்.
முகவரிக்கு ஒன்பது அறை கட்டியவருக்கு
நான்கு வரி எழுத நேரம் கிடைக்கவில்லையாம்,
மூன்று வருடமாக.
ஆனாலும் ஒருவர் சொன்னதை வைத்து
ஆவணத்தில் காரணம் எழுத முடியாது.
நிரலுக்கு மூன்று நகல், யாரும் எடுக்கலாம்.
பெயர்க் கோப்பைப் பிரித்துப் பூட்டினேன்.
அறிந்த பழுது, ஒன்று: அதை அப்படியே விட்டு
கீழே சேர்த்தேன், திருத்த வேண்டாம்.

ரட்ணதீபன் கதவு பூட்ட வந்தான்.
"சரிவந்திட்டுதோ?"
ஏழாம் விசையை அழுத்திக் காட்டினேன்.
ஆறு.
"வேலை செய்யேல்லையே" என்றான்.
ஓம் என்றேன்.