ஆறாம் அளவு மணி

மியாஹுசைன் வந்தபோது
களிமண்ணில் பஞ்சைப் பிசைந்துகொண்டிருந்தேன்.
முழங்கைவரை சேறு.
முக்காட்டைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு
"உள்ளேதான் இருக்கிறார், போங்கள்" என்றேன்.
போகவில்லை.
அவர் பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையில்
ஓர் எருமைக் கன்று
எங்கள் கரிமூட்டையை முகர்ந்துகொண்டு நின்றது.

தாய் எருமை போன வெள்ளிக்கிழமை
ரண் ஓரத்துச் சேற்றில் இறங்கியதாம்.
ஏறவில்லை.
கழுத்து மணியோடு சேர்த்து
உப்பு அதை வாங்கிக்கொண்டது.
மந்தையில் இன்னொருத்தி இருக்கிறாள், மடி நிறையப் பால்,
இது அவளை அண்டமாட்டேன் என்கிறது.
"அதே மணியை இன்னொன்று செய்து கொடு.
அவள் கழுத்தில் கட்டிவிடுகிறேன்.
அப்புறம் அது பாடு, அவள் பாடு."

தாவூத் சிரித்தார்.
என் வீட்டுக்காரர் சிரித்தால்
வேலையை ஒப்புக்கொண்டார் என்று பொருள்.
விலையை நான்தான் பேசவேண்டும்.

ஆறாம் அளவு மணி. அது நினைவிருந்தது.
ஓசை?
மியாஹுசைன் தொண்டையைச் செருமி
செய்து காட்டினார்.
கிணற்றில் செம்பு விழுந்த மாதிரி இருந்தது.
இன்னொரு முறை செய்தார்,
இருமல் மாதிரி இருந்தது.
பன்னிப் புல்வெளியில், இருட்டில் மேயும் நூறு மணிகளுக்குள்
தன்னுடையதைப் பிரித்தெடுக்கும் காது அவருக்கு.
வாய்தான் இல்லை.

பழைய எண்ணெய் டின்னை வெட்டி
சுருட்டி
விளிம்பை விளிம்போடு மடித்து அடித்தார் தாவூத்.
ஆணி கிடையாது, பற்றவைப்பு கிடையாது.
செம்புத்தூளை நான் அப்பினேன்.
ஈரமண் பஞ்சால் சுற்றி
அடை தட்டுவதுபோல் தட்டி மூடினேன்.
உலையிலிருந்து எடுத்து உடைத்தால்
மண்ணுக்குள் பொன்னிறம்.
கட்டையில் நாக்குச் செதுக்கிக் கட்டினோம்.
அதன்பிறகு அவர் மட்டும்.
விளிம்பில் ஒரு தட்டு. இடது காதருகே ஓர் ஆட்டு.
வலது காதைச் சுத்தியல் எப்போதோ எடுத்துக்கொண்டது.
இன்னொரு தட்டு.
மயிரிழை உள்வாங்கினாலும்
ஓசை அடுத்த மந்தைக்குப் போய்விடும்.

மூன்று நாள் எங்கள் முற்றத்தில் கன்று.
ரோமத் புட்டியில் பால் கொடுத்தாள்.
ஒவ்வொரு மணியாகக் கொண்டுவந்து
அதன் தலைக்கு மேல் ஆட்டினார் தாவூத்.
முதல் மணிக்குச் சாணி போட்டது.
நாலாவதுக்குத் தூங்கியது.
ஒன்பதாவதை அவரே மெச்சிக்கொண்டார், "இதுதான், சந்தேகமே இல்லை."
நல்ல மணிதான். மெலிந்து நீண்டு
குன்றுவரை போய்த் திரும்பும் ஓசை.
கன்று ரோமத்தின் பாவாடை நாடாவைச் சப்பிக்கொண்டிருந்தது.
அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.
நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

நாலாம் நாள் மியாஹுசைன் வந்து உட்கார்ந்திருந்தார்.
நான் சாம்பல் கொட்டப் போனேன்.
மூலையில் கழித்துப்போட்ட குவியல்,
செம்பு பிடிக்காதது, மடிப்பு விட்டது,
ரோமத் கூழாங்கல் சேர்த்து வைக்கும் நசுங்கல்.
கால் இடறியது.
டொக்கென்று ஒன்று உருண்டது,
மூக்கடைத்தவர் யாரோ கூப்பிட்டதுபோல.

கன்று நாடாவை விட்டது.
இரண்டு காதும் என் பக்கம்.
கயிறு விறைத்தது.

தாவூத் அந்த மணியை எடுத்தார்.
ஆட்டினார். முகம் சுளித்தார்.
"இதெல்லாம் ஓர் ஓசையா? விளிம்பில் வெடிப்பு.
இப்படி ஒன்றை என் கையால்
யாருக்கும் கொடுத்திருக்க மாட்டேன்."

"கொடுத்தாய்" என்றார் மியாஹுசைன்.
"மழை பொய்த்த வருஷம். பாதி விலைக்கு."

முளை ஆடும்படி இழுத்துக்கொண்டிருந்தது கன்று.
கையைத் துடைத்துக்கொண்டு
அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.
"வெடித்த மணி" என்று ஆரம்பித்தார்.
"வெடிப்புக்குத்தான் விலை" என்றேன்.