இருபத்தைந்து மடங்கு

ராத்திரி தோசைக்கல்லைக் கவிழ்த்த பிறகு
ஒச்சப்பன் வியட்நாமைத் திறப்பான்.
எக்செல்லில் அது ஏழாவது தாள்.
ஜார்ஜியா குளிருக்குச் செத்தது.
போர்ச்சுகல் விலைக்குச் செத்தது.
இலங்கையை அவனே அழித்தான்:
"கொழும்புன்னா ஒரு மணி நேரத்துல
கருமாத்தூர்க்காரன் வந்து எறங்கிருவான்."

டயர் கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவன்,
கிலோவுக்கு முப்பது பைசா குறைக்க
மூன்று மணி நேரம் பேசுகிறவன்,
இப்போது மிச்ச ஆயுளுக்குக்
கொட்டேஷன் கேட்கிறான்.

வருஷச் செலவு பெருக்கல் இருபத்தைந்து.
அவ்வளவு சேர்ந்தால் ஐம்பதில் ராஜினாமா.
மலைமேல் தாலாத் என்றொரு ஊர்,
பால்கனியிலிருந்து முட்டைக்கோஸ் தெரிகிற வீடு.
கூகுள் வரைபடத்தில் அந்தத் தெருவில்
எத்தனையோ தடவை நடந்துவிட்டோம்.
முட்டுச்சந்தில் ஒரு செவலை நாய்
தலையைத் தூக்கியபடி
அப்படியே நிற்கிறது, போன வருஷத்திலிருந்து.

நான் கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கிறவள்.
கடைசி வரியைப் படிங்க என்று
நாளைக்கு எண்பது பேரிடம் சொல்கிறவள்.
அந்தத் தாளிலும் பொடி எழுத்துதான்
முதலில் கண்ணில் பட்டது.

வாடகை அங்கே கூட.
அரிசி ஏறக்குறைய இதே விலை.
கரண்ட்டு, காய்கறி, பல் டாக்டர்,
எதுவும் நாகமலைப் புதுக்கோட்டையைவிட மலிவில்லை.
விசாவுக்கு வேறு காசு.
பிறகெப்படி மாதம் பதினெட்டாயிரம் குறைகிறது?

முப்பத்தோராவது வரிசை. ஒரே சொல்: செய்முறை.
மதுரைக்கு நேரே இருபத்தாறாயிரம்.
தாலாத்துக்கு நேரே பூஜ்யம்.

மூன்று தங்கச்சிகளுக்கு ஒரே அண்ணன்.
காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வளைகாப்பு,
மேளத்துக்குப் பின்னால் கிடாயை இழுத்துக்கொண்டு
தாம்பாளங்களோடு நடந்த மத்தியானங்கள்.
உசிலம்பட்டி ரோட்டு ப்ளெக்ஸில்
தாய்மாமனே வருக என்பதன் கீழே சிரிக்கிறான்,
கூலிங் கிளாஸை அவர்களே போட்டுவிட்டார்கள்.
அந்த வாரம்தான் நகைக்கடனைப் புதுப்பித்தோம்.

ஆக, நாடு மலிவில்லை.
அங்கே நம்மை யாருக்கும் தெரியாது,
மலிவு அதுதான், என்றேன்.
மறுக்கவில்லை.
வரிசையின் உயரத்தை மட்டும்
இன்னும் கொஞ்சம் குறைத்தான்.

ஒத்திகையும் பார்த்தோம் ஒருமுறை.
செக்கானூரணிக் கல்யாணத்துக்கு
ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டு
விளக்கை அணைத்து உட்கார்ந்திருந்தோம்.
ஏழரைக்கு வாசலில் வண்டிச் சத்தம். நின்றது. போனது.
கேட்டில் ஒரு தூக்குவாளி தொங்கியது,
ஊரில் இல்லாதவர்களுக்குக் கறிச்சோறு.
சூடு ஆறியிருக்கவில்லை.
இருட்டிலேயே தின்றோம்.

பீரோவில் பச்சை அட்டை நோட்டு.
கொடுத்ததெல்லாம் அதில் இருக்கிறது,
பெயர், ஊர், தேதி, தொகை,
இருபத்து மூன்று வருஷம்.
எங்களுக்குப் பிள்ளை இல்லை.
குத்துவதற்கு ஒரு காது இல்லாத வீட்டில்
எந்த விசேஷம் வைத்து இதை வசூலிப்பது?
"ஒண்ணு பாக்கி இருக்கு" என்றான்,
"அதுக்கு எல்லாரும் வருவாங்க. கோடித்துணியோட."
சிரித்தான்.
பிறகு தாலாத் கணக்கில்
இருவர் என்ற தலைப்புக்குப் பக்கத்தில்
ஒருவர் என்று இன்னொரு பத்தி சேர்த்தான்.
வாடகை பாதியாகவில்லை.
யார் அந்த ஒருவர் என்று நானும் கேட்கவில்லை.

மொழிப் பாடம் மட்டும் நிற்காமல் ஓடுகிறது,
ஆஸ்பத்திரி பஸ்ஸில், காதில் மாட்டிக்கொண்டு.
நேற்று உறவுமுறைகள்.
அந்த மொழியில் தாய்மாமனுக்கு
ஒரு தனிச்சொல் உண்டு.
சித்தப்பாவோடு கலக்காத சொல்.

வந்து சொன்னேன்.
மடிக்கணினியைப் பாதி மூடியிருந்தவன்
கையை அப்படியே வைத்துக்கொண்டு
"அங்கயுமா?" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"அங்க அவன் என்ன செய்யணுமாம்?"

பாடத்தில் அது வரவில்லை என்றேன்.